கல்லட்டி இறக்கத்துக்கு டாப் மாடல் டிஸ்க்

ஊட்டி–மசினகுடி கல்லட்டி பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். பாதியிலேயே பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லையா? பிரேக் பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் தகடு) சூடேறிப் பிடி விட்டுவிட்டது.

உங்கள் காரின் டாப் மாடலில் வெண்டிலேட்டட் டிஸ்க் (நடுவே காற்றுப் போக இடைவெளி உள்ள பிரேக் தட்டு) இருந்தால் அந்த முன்பக்க செட்டையே மாட்டலாம்: டிஸ்க் 2, காலிப்பர் (பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) 2, அதைத் தாங்கும் பிராக்கெட் 2, பேட் ஒரு செட், பிரேக் ஹோஸ் போல்ட் ஒவ்வொன்றுக்கும் புது காப்பர் வாஷர் 2. டிஸ்க்கை மட்டும் வாங்காதீர்கள். தடிமன் கூடுதல், பழைய காலிப்பருக்குள் நுழையாது. நக்கிளின் (ஹப்பும் காலிப்பர் பிராக்கெட்டும் பொருந்தும் பாகம்) பார்ட் நம்பர் இரண்டு மாடலுக்கும் ஒன்றுதானா என்று காசு கொடுக்கும் முன்பே பாருங்கள். 13 இன்ச் வீல் என்றால் காலிப்பரில் உரசவும் கூடும்.

டிஸ்க் போய் உட்காரும் ஹப் முகத்தை வயர் பிரஷ் போட்டுப் பளபளவென்று தேயுங்கள். அங்கே துருச் செதில் ஒன்று ஒட்டியிருந்தாலும் டிஸ்க் கோணலாக உட்காரும், பெடல் துடிக்கும். மெக்கானிக்குகள் அதிகம் அவசரப்படுவதும் இங்கேதான். காலிப்பர் நகரும் ஸ்லைடு பின்னுக்கு பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ். சாதா கிரீஸ் ரப்பரை ஊத வைத்துவிடும். ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுக்க ஒடித்து, ஹோஸ் இழுபடாமல் உரசாமல் இருக்கிறதா பாருங்கள்.

பிரேக் ஆயில் டாட் 4 தரம், சீல் உடைக்காத டப்பா. இது ஈரத்தை உறிஞ்சும். கொதிநிலை 230 டிகிரியிலிருந்து 155 வரை இறங்கிவிடும். பிரேக் லைனில் காற்றெடுக்கும்போது எந்தச் சக்கரம் முதலில் என்ற வரிசைக்கு மேனுவலைப் பாருங்கள்.

சமதளத்தில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10க்குக் குறைத்து, பத்து முறை பேட்டைப் பழக்குங்கள். அதுவரை மலை இறங்க வேண்டாம்.