படத்தைப் பார்த்து என்ன சொல்வது? போட்டோவுக்குக் கருத்துச் சொல்லவும் கேட்கவும் பழகும் வழி

மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தையில் ஒரு விடிகாலை. பல்பு வெளிச்சத்தில் மல்லிகைக் குவியல், அதை இரண்டு கையாலும் அள்ளித் தராசில் போடும் ஒரு அக்கா. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். எங்கள் போட்டோ வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டதும் 'சூப்பர்', 'செம', கைதட்டல்கள். மனசுக்கு நிறைவாக இருந்தது. ராத்திரி ஒரு அண்ணன் மட்டும் இப்படி எழுதினார்:

"தம்பி, என் கண்ணு முதல்ல இடது ஓரத்து நீலத் தார்ப்பாய்க்குத்தான் போகுது. அப்புறம்தான் அந்த அக்கா. மல்லியில ஒரு பூகூடத் தனியாத் தெரியல, வெள்ளை வேட்டி விரிச்ச மாதிரி இருக்கு. எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் மைனஸ் 1 வச்சுப் பாத்தியா?"

என்ன பார்த்தார், எங்கே பார்த்தார், அடுத்து நான் எதைச் செய்து பார்க்கலாம்: மூன்றும் இதில் இருந்தன. எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் மைனஸ் 1 என்றால், கேமரா தானாகக் கணிக்கும் வெளிச்சத்தை ஒரு படி குறைக்கச் சொல்வது. சுற்றிலும் இருட்டு இருந்ததால் கேமரா மொத்தப் படத்தையும் தூக்கி வெளிச்சமாக்கியிருக்கிறது. பல்புக்கு நேர் கீழே இருந்த வெள்ளைப் பூ வெளுத்துவிட்டது. ஹிஸ்டோகிராமை, அதாவது படத்தின் இருட்டை இடதிலும் வெளிச்சத்தை வலதிலும் காட்டும் வரைபடத்தை, திறந்து பார்த்தால் வலது ஓரத்தில் போய் முட்டி நிற்கிறது. 'சூப்பர்' என்று சொன்ன அத்தனை பேரும் அன்போடுதான் சொன்னார்கள். ஆனால் அடுத்த ஞாயிறு என்னைத் திரும்பச் சந்தைக்கு அனுப்பியது அண்ணன் எழுதிய அந்த நாலு வரிதான். புதிதாகக் கேமரா பிடிப்பவர்களும் அப்படிச் சொல்லப் பழகலாம்.

படி 1: வாயைத் திறக்கும் முன் பாருங்கள்

முடிந்தால் பெரிய திரையில் பாருங்கள். போனில்தான் என்றால் வெளிச்சத்தைக் கூட்டிவைத்துவிட்டு, அரை நிமிடம் சும்மா பாருங்கள். கண் முதலில் எங்கே போய் விழுந்தது? அதைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் பார்வை ஒரு முறைதான் கிடைக்கும். படம் எடுத்தவருக்கு அதுவும் கிடையாது, அவருக்குத்தான் எல்லாம் முன்பே தெரியுமே. பிறகு நான்கு ஓரங்களையும் ஒரு சுற்றுப் பாருங்கள். பாதி வெட்டுப்பட்ட கை, தலையிலிருந்து முளைத்த மாதிரி நிற்கும் கம்பம், யாருடையதோ செருப்பு எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். அமெரிக்கப் புகைப்படக்காரர் டோரதியா லாங்கே 1936-ல் கலிஃபோர்னியாவில் எடுத்த புகழ்பெற்ற புலம்பெயர்ந்த தாயின் படத்தில்கூட, வலது கீழ் மூலையில் கூடாரக் கம்பைப் பிடித்த ஒரு கட்டைவிரல் இருந்தது. பிறகு அவரே நெகட்டிவில் அதை மறைக்கச் செய்தார்.

படி 2: பார்த்ததை, இடம் சுட்டிச் சொல்லுங்கள்

'கம்போசிஷன் (படத்துக்குள் எது எங்கே இருக்கிறது என்ற அமைப்பு) சரியில்லை' என்றால் கேட்பவருக்கு ஒன்றும் புரியாது. 'வலது பக்கம் காலி இடம் அதிகம், ஆனா அந்த ஆள் இடது பக்கம் பாக்கறார்' என்றால் புரியும். பாராட்டும் அப்படியே. 'விரல்ல ஒட்டியிருக்கற அந்த ஒத்தை ஈரப் பூ அழகு' என்று சொன்னால், எதை விட்டுவிடக் கூடாது என்று எடுத்தவருக்குத் தெரிந்துவிடும்.

படி 3: 'ஷார்ப்பா இல்ல' என்பதோடு நிறுத்தாதீர்கள்

புதியவர்களின் படங்களில் அதிகம் வரும் குறை மங்கல். அதில் மூன்று வகை உண்டு, மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

படத்தில் இருக்கும் எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால், ஆடியது எடுத்தவர் கை. 50 எம்எம் லென்ஸ் என்றால் ஷட்டர் வேகம் (ஒளியை உள்ளே விட ஷட்டர் திறந்திருக்கும் நேரம்) 1/50 விநாடியோ அதைவிட வேகமாகவோ இருக்கட்டும் என்பது பழைய கணக்கு. ஒளியைப் பதியும் சென்சார் கொஞ்சம் சின்னதாக உள்ள ஏபிஎஸ்-சி வகைக் கேமராவுக்கு 1/80. பின்னணித் தூண் தெளிவாக இருந்து, அள்ளும் கை மட்டும் குழம்பியிருந்தால், நகர்ந்தது அந்தக் கை. ஷட்டரை 1/250-க்கு ஏற்ற வேண்டும். முகம் மங்கலாக இருந்து பின்னால் தொங்கும் மாலை கூர்மையாக இருந்தால், ஃபோகஸ் தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. இங்கே ஷட்டரை எவ்வளவு ஏற்றினாலும் பயனில்லை. ஃபோகஸ் புள்ளியைக் கண்மீது வைக்கச் சொல்லுங்கள்.

'நல்ல லென்ஸ் வாங்குங்க' என்பதை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். இருப்பதை வைத்து என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள். அதுவும் ஒரு படத்துக்கு இரண்டு விஷயம் போதும். பத்தைக் கொட்டினால் புதியவர் எதையும் எடுத்துக்கொள்ள மாட்டார்.

இன்னொன்று, எனக்கு ஆறாத விஷயம். 'ஸ்கின் டோனைக் கொஞ்சம் பிரைட் பண்ணுங்க' என்று பலர் சர்வசாதாரணமாக எழுதுகிறார்கள். முகத்தில் வெளிச்சம் போதவில்லை என்பது ஒளியைப் பற்றிய பேச்சு, அதைத் தாராளமாகப் பேசலாம். ஒருவர் நிறத்தை மாற்றச் சொல்வது விமர்சனமே ஆகாது. படத்தில் இருப்பவரின் உடம்பு, உடை, நிறம் எதையும் திருத்துவது நம் வேலை இல்லை.

படி 4: நீங்கள் கேட்கும்போது, கேள்வியோடு கேளுங்கள்

பத்துப் படத்தை மொத்தமாகக் கொட்டி 'எப்படி இருக்கு?' என்றால் 'சூப்பர்'தான் வரும். ஒரு படம், ஒரு கேள்வி. 'பூக்குவியலும் முகமும் போட்டி போடுதா?' என்று கேட்டுப் பாருங்கள், பதிலின் தரமே மாறும். ஷட்டர், அப்பெர்ச்சர் (லென்ஸின் திறப்பு), ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் அளவு) மூன்றையும் கீழே எழுதிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், இந்த விவரங்களும் போய்விடும். அதனால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

படி 5: பதில் வந்ததும் விளக்கம் கொடுக்காதீர்கள்

இதுதான் கஷ்டம். 'அங்க நிக்கவே இடமில்லண்ணா, ஒரே கூட்டம்' என்று நானும் தட்டச்சு செய்தேன், பிறகு அழித்துவிட்டேன். கூட்டம் படத்தில் இல்லை, தார்ப்பாய்தான் இருக்கிறது. 'நன்றிண்ணா, பாக்கறேன்' என்று மட்டும் எழுதிவிட்டு, ஒரு நாள் ஆறப்போட்டுத் திரும்பப் பாருங்கள்.

மூன்று பேர் ஒரே இடத்தைச் சுட்டினால் அங்கே ஏதோ இருக்கிறது. ஆனால் அவர்கள் சொல்லும் தீர்வு மூன்றும் மூன்று திசையில் போகலாம். ஒருவர் படத்தின் ஓரத்தை வெட்டச் சொல்வார், இன்னொருவர் வெட்டவே கூடாது என்பார். எடுத்த பிறகு படத்தை வெட்டுவதை விரும்பாத பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்டியே-பிரெஸ்ஸோன்கூட, பாரிஸில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் தண்ணீரைத் தாண்டும் மனிதரை 1932-ல் எடுத்த அந்தப் படத்தில் ஓரத்தை வெட்டத்தான் செய்தார். சொல்வது எல்லாவற்றையும் கேளுங்கள், முடிவை நீங்கள் எடுங்கள். தார்ப்பாயை வெட்டினால் அக்காவின் முழங்கையும் போய்விடும் என்று தெரிந்ததால் நான் வெட்டவில்லை.

படி 6: திரும்பப் போய் எடுங்கள்

அடுத்த ஞாயிறு அதே பல்பு, அதே அக்கா. 'மறுபடியும் வந்துட்டியா?' என்று சிரித்தார். மைனஸ் 1 வைத்தேன், ஷட்டர் 1/250. வலது பக்கம் இரண்டு எட்டு நகர்ந்ததும் தார்ப்பாய் தூணுக்குப் பின்னால் போய்விட்டது. பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு மொட்டின் காம்பும் பச்சையாகத் தெரிந்தது. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குழுவில் போட்டேன்.

அண்ணன் ராத்திரிதான் பார்த்தார். "இப்பப் பூ தெரியுது தம்பி. தராசுல சிவப்பு நம்பரைப் பெருசு பண்ணிப் பாரு. ஒரு எண் எரியுது, பக்கத்து எண் அணைஞ்சு கிடக்கு. அது விட்டு விட்டு எரியற டிஸ்பிளே, உன் 1/250 அதைவிட வேகம். ஷட்டரை 1/60-க்கு எறக்கு. ஆனா அப்ப அந்தக் கை ஆடும், அதை என்ன பண்ணுவ?"

வர்ற ஞாயிறு அந்தக் கேள்வியோடுதான் கிளம்புகிறேன்.