ரூட் இல்லாமலே மெயில்மேன்: என் அனுபவம்

சித்தூர்ப்புழைக்கு ஆழியாற்றுத் தண்ணீர் எப்போது வரும் என்பதை கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தென்னை விவசாயிகளுக்கு மெயிலில் அனுப்புகிறோம். இதற்கு ஓடுவது இன்னும் மெயில்மேன் 2 (மெயில் பட்டியல்களை நடத்தும் மென்பொருள்), டெபியன் லினக்ஸில்.

புது சர்வருக்கு மாறிய கையோடு, "மெயில் ஒண்ணுமே போகலீங்ணா" என்றான் கூட வேலை பார்க்கும் தம்பி. /வார்/லாக்/மெயில்மேன்/எரர் என்ற பிழைப் பதிவுக் கோப்பு முழுக்க 'பெர்மிஷன் டினைடு' (அனுமதி இல்லை). பழைய சர்வரிலிருந்து நகலாகி வந்த கான்ஃபிக்.பிசிகே கோப்புகளின் (பட்டியல்களின் அமைப்புகள் இருப்பவை) ஓனர், குரூப் இரண்டுமே ரூட், அதாவது எல்லா அதிகாரமும் உள்ள யூசர். மெயில்மேன் ஓடுவதோ 'லிஸ்ட்' என்ற யூசராக. அதால் அவற்றைத் திறக்கவே முடியவில்லை.

ச்மாட் 777 போட்டு, யார் வேண்டுமானாலும் படிக்க, எழுத, ஓட்ட அனுமதி தரச் சொன்னார் ஒருவர். தெருவுக்கே சாவி கொடுக்கிற வேலை அது; காதில் வாங்கவில்லை. ரூட்டாக இருந்து, மெயில்மேனோடு வரும் அனுமதி சரிசெய்யும் கட்டளையான செக்_பெர்ம்ஸ் -எஃப் ஓட்டினேன். அது கோப்புகளின் குரூப்பை 'லிஸ்ட்' ஆக்கி, டைரக்டரிகளுக்கு செட்-ஜிஐடி என்ற குறியும் போட்டுவிடும். அதனால் அங்கே புதிதாக உண்டாகும் கோப்பும் அதே குரூப்பில் சேரும். தேங்கிக் கிடந்த மெயில்கள் சரசரவெனக் கிளம்பின.

தம்பி இனி ரூட்டாக நுழையாதபடி ரூட் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பதிலாக, சூடோவின் (வேறொரு யூசராகக் கட்டளை ஓட்ட விடும் கருவி) விதிகளைத் திருத்தும் விசூடோவில் ஒரே வரி: மெயில்மேன் கட்டளைகளை மட்டும் அவன் 'லிஸ்ட்' யூசராக ஓட்டலாம். இப்போது சூடோ -யூ லிஸ்ட் போட்டு மெயில் பட்டியலில் ஆட்களைச் சேர்க்கிறான், நீக்குகிறான்.