666 போடாதீர்கள்: லினக்ஸில் எஸ்ஜிஎக்ஸ் அனுமதி அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட இருக்கிற எங்கள் சின்ன அலுவலகத்தில் ஒரு சேர்வர் ஓடுகிறது. போன மாரியில் ஒரு இரவு கரண்ட் போய் வந்தது; யூபிஎஸ் பற்றரி தாங்கவில்லை. விடிய முதலே தம்பி ஒருவனின் அழைப்பு. "அண்ணா, நேற்றுப் பின்னேரம் வடிவா ஓடினது. இப்ப பெர்மிஷன் டினைட், அனுமதி இல்லை எண்டு நிக்குது. நான் ஒண்டையும் தொடேல்லை."

அவன் சொன்னது உண்மை. தொட்டது நான்தான், மூன்று மாதத்துக்கு முன்னம்.

அந்த சேர்வரின் இன்டெல் சீயோன் புரொசசரில் எஸ்ஜிஎக்ஸ் என்றொரு வசதி உண்டு. நினைவகத்தில் ஒரு பகுதியை 'என்கிளேவ்' என்று ஒதுக்கி, எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பாவனையாளரோ, லினக்ஸின் மையமான கேர்னலோகூட உள்ளே எட்டிப் பார்க்க முடியாதபடி பூட்டிவைக்கும். அந்த அறையைக் கட்டுவதற்கான படலை, டெவ் கோப்புறையில் எஸ்ஜிஎக்ஸ்_என்கிளேவ் என்ற பெயரில் இருக்கும் சாதனக் கோப்பு. அவசரத்தில் நான் அதற்கு சிஎச்மொட் 666, அதாவது யாரும் வாசிக்கலாம் எழுதலாம் என்ற அனுமதி, போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருந்தேன். டெவ் கோப்புறை டிஸ்க்கில் கிடப்பதல்ல. பூட் ஆகும் ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாவது. கரண்டோடு என் 666உம் போய்விட்டது.

ஒழுங்கான வழி குழுதான். சேவைகளைத் தொடக்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி புதிதாக உள்ள லினக்ஸ்களில் 'எஸ்ஜிஎக்ஸ்' என்ற குழுவும், அந்தக் கோப்புக்கு 660 அனுமதியும் (உரிமையாளருக்கும் குழுவுக்கும் மட்டும்) ஏற்கெனவே இருக்கும். இல்லாவிட்டால், சாதனக் கோப்புகள் உருவாகும்போது அனுமதியை அமைக்கும் யூடெவ் விதி ஒன்றை நீங்களே எழுதவேண்டும். பிறகு சேவை ஓடும் பாவனையாளரை மட்டும் அந்தக் குழுவில் சேர்த்தால் போதும். இங்கேயும் ஒரு குழி இருக்கிறது: யூசர்மொட் கட்டளையில் பெரிய 'ஜி'யோடு சின்ன 'ஏ'யை விட்டுவிட்டால், அந்த ஆள் முன்பு இருந்த மற்றக் குழுக்களிலிருந்து கழன்றுவிடுவார், ரூட் அதிகாரம் தரும் சூடோ உட்பட. சேர்த்த பிறகும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் செஷனுக்குப் புதுக் குழு தெரியாது. வெளியேறி உள்ளே வரவேண்டும், சேவையென்றால் ரீஸ்டார்ட். எல்லாம் முடிந்ததும் இயந்திரத்தை ஒருமுறை நீங்களே ரீபூட் செய்து பாருங்கள். மின்சார சபை அதைச் செய்யும்வரை காத்திருக்க வேண்டாம்.

இதைவிட மோசமான தவறு, பக்கத்தில் இருக்கும் எஸ்ஜிஎக்ஸ்_ப்ரொவிஷன் கோப்பையும் சேர்த்துத் திறந்துவிடுவது. இரண்டும் ஒன்றல்ல. முதலாவது அறை கட்ட விடும். இரண்டாவது, புரொசசரின் நிரந்தர அடையாளத்தோடு பிணைந்த ப்ரொவிஷன் திறப்பை என்கிளேவுக்குக் கிடைக்கச் செய்யும். கணனி கைமாறினாலும் அந்தத் திறப்பு மாறாது. அதனால் கெட்ட மென்பொருள் ஒன்றின் கையில் அது கிடைத்தால், அந்த இயந்திரத்தை எப்போதும் அடையாளம் காணலாம். தொலைச் சான்றளிப்புக்கான இன்டெல் சேவைக்கு அது தேவை. உங்கள் சாதாரண செயலிக்குத் தேவையில்லை. ஆனால் ஒரு என்கிளேவ் தேவையில்லாமல் அந்த உரிமையைக் கேட்டால், தொடக்கத்திலேயே பெர்மிஷன் டினைட் வரும். அதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் இரண்டு கோப்பையும் திறக்கிறார்கள். என்கிளேவின் அமைப்புக் கோப்பில் அந்தக் கோரிக்கையை எடுத்துவிடுவதே சரி.

பிழைச் செய்தியை வாசிக்காமல் கைவைப்பதும் ஒரு வியாதி. பெர்மிஷன் டினைட் என்றால் குழு அல்லது ப்ரொவிஷன். ஒப்பரேஷன் நொட் பெர்மிட்டெட் என்றால் பெரும்பாலும் கோப்பு திறந்துவிட்டது, ஆனால் டெவ் கோப்புறை 'நோஎக்ஸெக்' (எதையும் இயக்க விடாதே) என்று மவுண்ட் ஆகியிருப்பதால் என்கிளேவ் பக்கங்களை இயக்க அனுமதியில்லை. இதற்கு எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் 777 போட்டாலும் பிரயோசனமில்லை. நோ சச் ஃபைல் என்றால் கோப்பே கண்ணில் படவில்லை. சிஸ்டம்டி சேவையில் சாதனங்களை மறைக்கும் 'ப்ரைவேட் டிவைசஸ்' தெரிவு இயக்கத்தில் இருந்தால், சாதனம் இருந்தும் சேவைக்கு மட்டும் தெரியாமல் போகும்.

கோப்பு உண்மையிலேயே இல்லையென்றால் டிமெசேஜை, அதாவது கேர்னலின் பதிவை, பாருங்கள். பயாஸ் எஸ்ஜிஎக்ஸை அணைத்து வைத்திருக்கலாம், எந்த என்கிளேவ் தொடங்கலாம் என்று தீர்மானிக்கும் லோஞ்ச் கொன்ட்ரோல் பூட்டப்பட்டிருக்கலாம். கேர்னல் 5.11க்கு, அதாவது 2021க்கு, முந்தியதென்றால் இந்த டிரைவர் உள்ளேயே கிடையாது. ஐஎஸ்ஜிஎக்ஸ் என்ற பழைய கோப்புப் பெயரோடு இருக்கும் வழிகாட்டிகள் அந்தக் காலத்தவை; புதிய கேர்னலில் அந்த டிரைவரைக் கட்ட மினக்கெட வேண்டாம். புது லாப்டொப்பில் தேடுவதும் வீண்: 11ஆம் தலைமுறைக் கோர் புரொசசர்களில் இருந்து இன்டெல் எஸ்ஜிஎக்ஸை எடுத்துவிட்டது. சீயோனில் மட்டும் தொடர்கிறது.

செயலிகளைத் தனித்தனிக் கன்டெய்னர்களில் ஓட்டும் டொக்கரில் ஓடவில்லையென்றதும், எல்லாச் சாதனங்களையும் திறந்துவிடும் 'ப்ரிவிலேஜ்ட்' கொடி தூக்குகிறவர்களோடு எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. ஒரு படலையைத் திறக்கச் சொன்னால் வேலியையே பிடுங்குகிற கதை அது. 'டிவைஸ்' தெரிவில் என்கிளேவ் கோப்பை மட்டும் கொடுத்து, உள்ளே ஓடும் பாவனையாளருக்கு ஹோஸ்டில் உள்ள அதே குழு இலக்கத்தைக் கொடுங்கள். பெயர் ஒன்றாக இருந்து இலக்கம் வேறாக இருந்தால் வேலை செய்யாது. கேர்னல் பார்ப்பது இலக்கத்தைத்தான். தம்பியின் கன்டெய்னரில் நான் கடைசியாகத் திருத்தியதும் அந்த இலக்கத்தைத்தான்.