லைட்டர் மட்டும் போதாது: படகுக் கயிற்றின் நுனியில் நடக்கும் தவறுகள்

மலேசியாவில், பினாங்கு மாநிலத்து நிபோங் திபாலில் கயிறு வாங்கப் போனால், கடைக்காரர் உருளையிலிருந்து இழுத்து அறுத்து, இரண்டு நுனியிலும் லைட்டரைக் காட்டிவிட்டுக் கையில் கொடுப்பார். செம்பனை ஏற்றும் லோரிக்கும் அதே கயிறுதான், தோட்டத்தில் ஆடு கட்டவும் அதேதான், கிரியான் ஆற்றில் கிடக்கும் சம்பான் என்ற சிறு படகுக்கும் அதேதான். லோரிக்கும் ஆட்டுக்கும் அந்தப் பொசுக்கல் போதும். படகுக்குப் போதாது. கடல் தண்ணீர் ஏறி வற்றும் ஆறு இது. படகு உயர்ந்து தாழும்போதெல்லாம் கயிறு இழுபட்டுத் தளர்கிறது, கட்டையில் உரசுகிறது, மிச்ச நுனி தண்ணீரில் கிடந்து அலைகிறது. நுனி பிரிய இதைவிட வேறென்ன வேண்டும்?

நெருப்பைக் காட்டியதும் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. உருகி இறுகிய நுனி பார்க்கக் கெட்டியாகத்தான் இருக்கும். ஆனால் கயிறு வளைகிறது, நைலானாக இருந்தால் நன்றாக நீளவும் செய்கிறது. இறுகிய பகுதிக்கு அந்த வளைவு கிடையாது. ஜெட்டிப் பலகையில் நாலு தடவை அடிபட்டு, காலில் நாலு தடவை மிதிபட்டால் விரிசல் விடும். விட்ட விரிசலின் ஓரம் கூராக இருக்கும். ஈரக் கயிற்றைக் கை வழியாக வேகமாக விடும்போது உள்ளங்கையைக் கீறிவிடும். அப்புறம் பொசுக்கிய மூடி கழன்று விழும், கயிறு தன் பாட்டுக்குப் பிரியும்.

எந்தக் கயிறு என்று தெரியாமல் பொசுக்குவதும் தவறுதான். மலிவாகக் கிடைக்கும் நீல, பச்சைக் கயிறுகள் பெரும்பாலும் பாலிஎத்திலீன் அல்லது பாலிப்ரோபிலீன். முதலாவது சுமார் 130 டிகிரி செல்சியஸிலும் இரண்டாவது சுமார் 165 டிகிரியிலும் உருகிவிடும். நைலானுக்கு 220 டிகிரிக்குப் பக்கத்தில் வேண்டும். நைலானுக்குக் காட்டுகிற மாதிரி மற்றதற்குக் காட்டினால் சொட்டுச் சொட்டாக வடியும். தேங்காய் நார்க் கயிறும் பருத்திக் கயிறும் உருகவே உருகாது, கருகி உதிரும். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டை நன்றாக நனைத்துப் பிசைந்து, உள்ளே இருக்கும் காற்று போனபின் வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். பாலிஎத்திலீனும் பாலிப்ரோபிலீனும் மிதக்கும், நைலான் மூழ்கும்.

எங்கே பொசுக்குகிறீர்கள் என்பதும் முக்கியம். பெட்ரோல் டாங்கியை அருகில் வைத்துக்கொண்டு படகிலேயே லைட்டரைத் தட்டுகிறவர்கள் உண்டு. வேண்டாம், கரைக்கு வந்து செய்யுங்கள். உருகிய நைலானை விரலால் உருட்டி வடிவம் கொடுக்கவும் வேண்டாம். தோலில் ஒட்டினால் உதற முடியாது. பழைய கரண்டியின் பின்பக்கத்தை நனைத்து அழுத்தினால் போதும்.

இனி உண்மையான வைத்தியம்: நூல் சுற்றிக் கட்டுவது. மெழுகு பூசிய நைலான் நூல்தான் இதற்கு நல்லது. செருப்புத் தைக்கும் கெட்டி நூலும் ஆகும். பருத்தி நூல் ஆற்று ஈரத்தில் மக்கிவிடும். தூண்டில் நரம்பு வழுக்கும், முடிச்சு நிற்காது. அது கையருகே கிடக்கிறது என்பதற்காகச் சுற்றுகிறார்கள், அவ்வளவுதான்.

சுற்றும் முறையைப் பார்ப்போம். நூலில் ஒரு வளையம் செய்து, வளையத்தின் தலை கயிற்று நுனியைப் பார்க்கும்படி கயிற்றின் மேல் படுக்க வையுங்கள். நூலின் குட்டை வால் கீழே தொங்கட்டும். நுனியிலிருந்து தள்ளிய இடத்தில் தொடங்கி, நுனியை நோக்கி, வளையத்தையும் சேர்த்து இறுக்கி நெருக்கமாகச் சுற்றுங்கள். சுற்று, கயிற்றின் குறுக்களவுக்காவது வர வேண்டும். ஒன்றரை மடங்கு இருந்தால் இன்னும் நல்லது. கடைசியில் மிஞ்சிய நூலை வளையத்துக்குள் நுழைத்துக் கீழே தொங்கும் வாலைப் பிடித்து இழுத்தால், வளையம் சுற்றுக்கு அடியில் போய்ப் புதையும். பாதி தூரம் போனதும் நிறுத்தி, இரண்டு வாலையும் ஒட்ட நறுக்குங்கள்.

இதில் மூன்று இடத்தில் சறுக்குகிறார்கள். கயிற்றின் முறுக்கு ஓடும் போக்கிலேயே நூலைச் சுற்றுவது ஒன்று. முறுக்குக்கு எதிராகச் சுற்றினால், கயிறு பிரியப் பார்க்கும்போது நூல் இன்னும் இறுகும். போக்கிலேயே சுற்றினால் கயிற்றோடு நூலும் சேர்ந்து தளரும். நூலைத் தளர்வாக, அழகுக்குச் சுற்றுவது இன்னொன்று. ஒவ்வொரு சுற்றும் கயிற்றை நெரிக்க வேண்டும், பார்த்தால் இடுப்பு சிறுத்த மாதிரி இருக்க வேண்டும். மூன்றாவது, ஓரத்தோடு ஓரமாகக் கட்டுவது. நுனியில் சிறிது கயிறு மிச்சம் விடாவிட்டால் கட்டு அப்படியே உருவிக்கொண்டு வந்துவிடும்.

படகைக் கட்டும் முதன்மைக் கயிற்றுக்கும் நங்கூரக் கயிற்றுக்கும் ஊசி போட்டுத் தைப்பதே என் தேர்வு. கயிறாக முறுக்கிய மூன்று இழைக்கட்டுகளில் ஒவ்வொன்றும் ஒரு புரி. நூலை முதலில் ஒரு புரிக்குள் ஊசியால் குத்தி நிறுத்தி, மேலே சொன்னபடி சுற்றி, பிறகு புரிகளுக்கு நடுவே ஓடும் பள்ளத்தோடு நூலை மேலும் கீழும் குறுக்காக இழுத்துக் கட்ட வேண்டும். மூன்று பள்ளத்திலும் இழுத்தால் சுற்று நகரவே நகராது. ஒரு நூல் அறுந்தாலும் மற்றவை பிடித்துக்கொள்ளும். நேரம் கொஞ்சம் கூடப் போகும், போகட்டும்.

பின்னல் கயிறு வாங்கியவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அதில் பெரும்பாலும் வெளியே ஓர் உறை, உள்ளே வேறொரு கயிறு. உறைமேல் மட்டும் நூல் சுற்றினால், உள்கயிறு பின்வாங்கி நுனியில் வெறும் உறை தொங்கும். உறையை நுனிப் பக்கமாக நீவித் தள்ளிச் சமப்படுத்தியபின், ஊசி இரண்டையும் ஊடுருவிப் போகும்படி தைக்க வேண்டும்.

அறுத்துவிட்டுப் பிறகு கட்டலாம் என்பது வீண் வேலை. கத்தி பட்டவுடனே முப்புரியும் மூன்று திசைக்குப் போகும். அறுக்கப்போகும் இடத்தில் முதலில் டேப்பை இறுக்கிச் சுற்றி, டேப்பின் நடுவிலேயே அறுங்கள். டேப்பின் உபயோகம் அதோடு சரி. வெயிலில் பசை கசிந்து, தண்ணீரில் ஊறி அவிழ்ந்துவிடும் பொருளை நிரந்தரக் கட்டாக விட்டு வைக்கக் கூடாது. நுனியில் குண்டு முடிச்சுப் போடுவதும் தீர்வல்ல. முடிச்சுக்கு அப்பால் உள்ள பகுதி பிரிந்துகொண்டேதான் இருக்கும், போதாததற்கு அந்த முடிச்சு பலகை இடுக்கில் மாட்டிக்கொள்ளும்.

புரிகளைப் பின்னோக்கி மடக்கிக் கயிற்றுக்குள்ளேயே கோத்துவிடும் முறையும் உண்டு. உறுதியானது, நூலே வேண்டாம். ஆனால் நுனி தடித்துவிடும். தண்ணீர் மொள்ளும் வாளிக் கயிற்றுக்குச் சரி, பிடிக்கவும் வசதி. கப்பியிலோ வளையத்திலோ நுழைய வேண்டிய கயிற்றுக்கு ஆகாது.

ஏற்கெனவே ஒரு சாண் பிரிந்துபோன நுனியைத் திரும்ப முறுக்கிக் கட்டிப் பார்க்கிறார்கள். புரியின் முறுக்கு தளர்ந்த பிறகு பழைய இறுக்கம் வராது. அந்தச் சாணை அறுத்துப் போட்டுவிட்டு, நல்ல இடத்தில் புதிதாகக் கட்டுங்கள். அப்படி அறுக்கும்போது உள்ளிழைகளையும் ஒரு பார்வை பாருங்கள். விரலால் தேய்த்தால் தூளாக உதிர்கிறது என்றால், வெயில் அந்தக் கயிற்றைத் தின்றுவிட்டது என்று பொருள். பாலிப்ரோபிலீனில் இது சீக்கிரமே வரும். அந்தக் கயிற்றுக்கு நுனிக்கட்டு போட்டு நூலை வீணாக்க வேண்டாம், கடைக்குப் போக வேண்டியதுதான்.