பிரிட்டிஷ்காரங்க பேச்சு புரியணுமா? இதப் படிச்சுட்டு போங்க

லண்டன்ல புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கு மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், அவங்க சொல்ற வார்த்தைய அப்படியே எடுத்துக்காதீங்க. "நாட் பேட்"னா நல்லாவே இருக்குன்னு அர்த்தம், "க்வைட் குட்"னா சுமார்தான், மீட்டிங்ல "வெரி இன்ட்ரஸ்டிங்"னு சொன்னா பெரும்பாலும் உங்க ஐடியா அங்கயே செத்துடுச்சு. "ஒருநாள் லஞ்ச் போலாம்"னு சொன்னா உடனே எந்த நாள்னு கேக்காதீங்க, நான் கேட்டு, அவர் முழிச்ச முழி இன்னும் கண்ணுலயே நிக்குது.

ட்யூப்ல, அதாங்க லண்டன் பாதாள ரயில்ல, ஒருத்தர் கால நான் மிதிச்சேன், அவர் எங்கிட்ட சாரி கேக்கறார்! திருப்பி ஒரு சாரி சொல்லிட்டு நகந்துடுங்க, அவ்ளோதான். எஸ்கலேட்டர்ல வலது பக்கமா நில்லுங்க, இடது பக்கம் நின்னா பெருசா திட்டெல்லாம் வராது, பின்னாடிலேந்து ஒரு பெருமூச்சு வரும், அதான் திட்டு.

இவங்க எல்லாம் டீ குடிச்சுட்டு க்யூல நிக்கிற சாதுங்கன்னு ஆம்ஸ்டர்டாம்ல போய் சொல்லிப் பாருங்க, சிரிப்பாங்க. குடிச்சுட்டு பண்ற ரகளை தாங்காம 2023ல அந்த ஊர் நகராட்சி 18லேந்து 35 வயசு பிரிட்டிஷ் ஆம்பளைங்கள குறிவெச்சே 'இங்க வராதீங்க'ன்னு விளம்பரம் போட்டுச்சு, கல்யாணத்துக்கு முன்னாடி மாப்பிள்ளையும் நண்பர்களும் அடிக்கிற கூத்துக்கு நெட்ல அங்க எடம் தேடினா அபராதம், கைதுன்னு மிரட்டுற வீடியோ வந்துச்சு. ஸ்பெயின்ல மகலூஃப் மாதிரி பீச் ஊர்கள்ல இந்த குடி ரகளைய அடக்க, 2020ல ஆல் இன்க்ளூசிவ் (ரூம், சாப்பாடு, குடி எல்லாம் ஒரே காசுல) பேக்கேஜ்ல ஒரு நாளைக்கு 6 ட்ரிங்க்தான்னு சட்டமே வந்துச்சு (ஜெர்மன்காரங்களுக்கும் இதுல பங்கு உண்டு).

வெள்ளிக்கிழமை பப்புக்கு கூப்ட்டா போங்க. ஆளுக்கொரு ரவுண்டு, அதாவது மொறை வெச்சு ஒவ்வொருத்தரா எல்லாருக்கும் சேத்து வாங்குவாங்க, நீங்க வெறும் ஜூஸ் குடிச்சாலும் உங்க ரவுண்டு வர்றப்ப மட்டும் பாத்ரூம் போயிடாதீங்க.