ராப் கனவை வேலையாக்கப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

2006-ல் யோகி பி - நட்சத்ரா ராப் குழுவின் ‘வல்லவன்’ ஆல்பம் மலேசியாவிலிருந்து வந்தபோது பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள் இன்று முப்பதை ஒட்டியோ தாண்டியோ நிற்கிறார்கள். 2012-ல் ஹிப்ஹாப் தமிழா குழுவின் ‘ஹிப்ஹாப் தமிழன்’ ஆல்பம் வந்தபோது எட்டாவது, ஒன்பதாவது படித்தவர்களுக்கு இருபத்தைந்து தாண்டிவிட்டது. இவர்களில் பலரிடம் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிய வரிகள் இன்னும் இருக்கும். வேலை, சம்பளம் என்று ஆன பிறகு, "இப்பவாவது இறங்கிப் பார்க்கலாமா?" என்று கேட்கிறார்கள்.

தாராளமாக இறங்கலாம். வயசு போய்விட்டது என்ற எண்ணத்தை முதலில் தூக்கிப் போடுங்கள். அமெரிக்க ராப்பர் ஜே-ஸியின் முதல் ஆல்பம் 1996-ல் வந்தபோது அவருக்கு 26 வயது. பெரிய லேபிள்கள் (பாட்டை வெளியிடும் கம்பெனிகள்) கண்டுகொள்ளாததால் நண்பர்களோடு சேர்ந்து சொந்தமாக ஒன்றைத் தொடங்கித்தான் அதை வெளியிட்டார். இன்னொரு அமெரிக்க ராப்பரான ரிக் ராஸுக்கு முதல் ஆல்பம் முப்பது வயதில். ராப்புக்குச் சொல்ல விஷயம் வேண்டும், அது வயசோடு கூடத்தான் செய்யும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பன்னிரண்டு வயதில் கண்ட கனவில் மேடையும் கைதட்டலும் மட்டும்தான் இருந்திருக்கும். எழுதுவது, அடித்துத் திருத்துவது, மூச்சுப் பயிற்சி, கையெழுத்து, வரவு செலவு எதுவும் அதில் இருந்திருக்காது. ஆட்கள் சறுக்குவது அங்கேதான்.

வினைமுற்றே எதுகை ஆகிவிடாது

புதிதாக எழுதுபவர்களின் பாட்டில் பத்துக்கு எட்டு இப்படித்தான் இருக்கும்:

மேடை மேல வந்தேன்
மைக்கைக் கையில் எடுத்தேன்
எதிரி யாருன்னு பார்த்தேன்
பாட்டால அவனை முடிச்சேன்

நான்கு வரியும் ‘ஏன்’ என்று முடிகிறது. எழுதியவருக்கு ரைம் அமைந்த திருப்தி. ஆனால் இங்கே உழைத்தது இலக்கணம்தான், எழுதியவர் இல்லை. தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வந்து உட்காரும், ‘நான்’ என்று தொடங்கினால் அது ‘ஏன்’ என்றுதான் முடியும். அதைக் கேட்கிறவர் காதுக்கு எந்த ஆச்சரியமும் கிடைக்காது. வரிக்கு வரி ‘டா’ போடுவதும் இதே சோம்பேறித்தனம்தான்.

ஆங்கில ராப்பைக் கேட்டு வளர்ந்ததால் வரும் பழக்கம் இது. அங்கே ரைம் பெரும்பாலும் வரியின் கடைசியில் விழும். நம் மரபில் அதற்கு இயைபு என்று பெயர், அது பல வழிகளில் ஒன்றுதான். முதல் எழுத்து ஒன்றிவந்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றிவந்தால் எதுகை. வரியின் தலையிலும் நடுவிலும் ஓசையைப் பொருத்த இவ்வளவு வசதி இருக்கும்போது கடைசிச் சொல்லை மட்டும் நம்பிக்கொண்டிருப்பது வீண். வினையைத் தூக்கிவிட்டு, பெயர்ச்சொல்லை முன்னால் தள்ளிப் பாருங்கள்:

பட்டறைத் தூசி சட்டை மேல
எட்டு மணிக்கு ஷட்டர் கீழ

இது ஒன்றும் காவியம் இல்லை. ஆனால் பட், சட், எட், ஷட் என்று நான்கு அடி விழுகிறது, ஒரு ஆளும் அவன் வேலையும் கண்ணுக்குத் தெரிகிறது. முதலில் பார்த்த நான்கு வரியில் யார் வேண்டுமானாலும் இருக்கலாம்.

இன்னொன்று, குறில் நெடில். அமெரிக்கப் பாடகரின் ஃப்ளோவை (தாளத்தில் வரிகள் ஓடும் விதம்) அப்படியே எடுத்துத் தமிழ்ச் சொற்களை அதில் திணித்தால், ‘கல்’ ‘கால்’ ஆகிவிடும், ‘படம்’ ‘பாடம்’ ஆகிவிடும். பாடுகிறவருக்கு அர்த்தம் தெரியும் என்பதால் அவருக்கு உறைக்காது. எழுதி முடித்ததும் பீட் (பின்னணி இசை) இல்லாமல் சாதாரணமாகப் பேசுவதுபோல் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். பேச்சில் நீளாத எழுத்து பாட்டில் நீண்டால், மாற்ற வேண்டியது வரியை.

அப்புறம் எதைப் பற்றி எழுதுவது? வாழ்நாளில் துப்பாக்கியைத் தொடாதவர்கள் துப்பாக்கி பற்றியும், பஸ்ஸுக்குச் சில்லறை தேடுகிறவர்கள் சொகுசுக் கார் பற்றியும் எழுதுவது இன்னும் நின்றபாடில்லை. குரல், உச்சரிப்பு, சென்னைக்காரராக இல்லாமலே வரவழைத்துக்கொள்ளும் மெட்ராஸ் பாஷை என்று எல்லாமே இரவல். பிடித்தவரைப் பார்த்துப் பழகுவது தப்பில்லை, எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். அந்தப் பயிற்சிப் பாட்டை வெளியிடுவதுதான் தப்பு. தூத்துக்குடிக்காரர் தூத்துக்குடிப் பேச்சிலேயே ராப் செய்யட்டும், அந்த இடம் காலியாகத்தான் கிடக்கிறது.

கருவி வாங்கும் வியாதி

விலை உயர்ந்த கருவி இருந்தால்தான் தொடங்க முடியும் என்பது பொய், இதை நீட்ட வேண்டியதில்லை. மும்பை குர்லாவைச் சேர்ந்த ராப்பர் நேஸி, ‘ஆஃபத்’ பாட்டை 2014-ல் ஒரு ஐபேடிலேயே பதிவு செய்து, வீடியோவையும் அதிலேயே எடுத்து யூடியூபில் போட்டார். அதன் பிறகுதான் ஊர் அவரைத் திரும்பிப் பார்த்தது.

வீட்டில் பதிவு செய்பவர்களின் உண்மையான பிரச்சினை மைக் விலை இல்லை, அறை. டைல்ஸ் தரை, வெறும் சுவர், மேலே ஓடும் ஃபேன். இந்த அறையில் விலை உயர்ந்த கண்டென்ஸர் மைக் வைத்தால் பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலும் சேர்ந்து பதிவாகும். சத்தமான தெருவில் இருப்பவர்களுக்கு டைனமிக் மைக்கே மேல். ஃபேனை நிறுத்துங்கள், முதுகுக்குப் பின்னால் கனமான போர்வையைத் தொங்கவிடுங்கள், மீட்டர் சிவப்பைத் தொடாமல் மைனஸ் 6 டெசிபல் அளவில் உச்சம் நிற்கிற மாதிரி பதிவு செய்யுங்கள். மிச்சக் காசை மிக்ஸிங் தெரிந்த ஒருவருக்குக் கொடுக்கலாம்.

மேடையில் மூச்சு வாங்குவது

கணினியில் ஒவ்வொரு வரியாகப் பதிந்து ஒட்டிவிடலாம் என்பதால், மூச்சு விட இடமே இல்லாமல் எழுதிவிடுகிறார்கள். 90 பிபிஎம் வேகத்தில் (நிமிடத்துக்கு 90 தாள அடி) 16 பார் (ஒரு பாருக்கு நான்கு அடி) என்பது சுமார் 43 விநாடி. அதை உட்கார்ந்து, நின்று, நடந்துகொண்டே ஒரே ஓட்டத்தில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அந்தப் பாட்டு இன்னும் தயாராகவில்லை. மேடையில் முழுக் குரல் பதிவையும் ஓடவிட்டு, மேலே கத்திச் சமாளிக்கிறவர்களை நிகழ்ச்சி நடத்துபவர்கள் நன்றாகவே கவனிக்கிறார்கள். தொடக்கத்தில் ஸ்ட்ரீமிங்கைவிட மேடைதான் காசு தரும் என்பதால் இதில் அலட்சியம் கூடாது.

பீட் யாருடையது?

யூடியூபில் ‘ஃப்ரீ டைப் பீட்’ (ஒரு பிரபலப் பாடகரின் பாணியில் செய்த இலவச பீட்) என்று தேடி எடுத்து, பாடி, பாட்டை எல்லாத் தளங்களிலும் ஏற்றிவிடுவது ரொம்பப் பரவலான தவறு. அந்த ‘ஃப்ரீ’ பெரும்பாலும் காசு வராத பயன்பாட்டுக்கு மட்டும்தான். வருமானம் வரும் இடத்தில் போட உரிமம் வாங்கியாக வேண்டும்.

உரிமத்திலும் இரண்டு வகை உண்டு. லீஸ் என்பது வாடகை, அதே பீட்டை இன்னும் நூறு பேர் வாங்கலாம். பல லீஸ்களில் இத்தனை ஸ்ட்ரீம் வரைதான் என்றோ, இத்தனை வருஷம்தான் என்றோ வரம்பு இருக்கும். எக்ஸ்க்ளூசிவ் என்றால் அதற்குப் பிறகு வேறு யாருக்கும் விற்க மாட்டார்கள், ஆனால் ஏற்கெனவே லீஸ் எடுத்தவர்களின் பாட்டுகள் இருந்துகொண்டுதான் இருக்கும். லீஸ் பீட்டில் பாடிய பாட்டை யூடியூபின் கன்டென்ட் ஐடியில் (ஒரே ஒலி வரும் வீடியோக்களைத் தானாகக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு) பதிவு செய்யவே செய்யாதீர்கள். அதே பீட்டில் பாடிய மற்றவர்களின் வீடியோ மேல் உங்கள் பெயரில் உரிமைகோரல் போய் விழும், சண்டை வரும். பழைய சினிமாப் பாட்டிலிருந்து நான்கு விநாடி வெட்டிப் போட்டால் யாருக்கும் தெரியாது என்பதும் இந்தக் காலத்தில் நடக்காத கதை.

கூட இருக்கிறவர் நண்பர்தானே

ஒருவர் பீட் போடுவார், ஒருவர் ராப் எழுதுவார், இன்னொருவர் ஹுக் (திரும்பத் திரும்ப வரும் பகுதி) பாடுவார், நாலாமவர் வீடியோ எடுப்பார். எல்லோரும் ஒரே டீக்கடை. யாருக்கு எவ்வளவு பங்கு என்று கேட்பதே அசிங்கமாகத் தோன்றும். பாட்டு ஓடாத வரைக்கும் பிரச்சினை இல்லை.

ஓடினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கேயும் போக வேண்டாம். 2021 மார்ச்சில் வந்த ‘என்ஜாய் எஞ்சாமி’ உலகம் முழுக்கப் போனது. அதில் யார் பங்கு எது என்பது பற்றி 2022-ல் ராப்பர் அறிவும் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனும் தனித்தனியாகப் பொதுவெளியில் விளக்கம் சொல்ல வேண்டிய நிலை வந்தது. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு இதுவரை வருமானமே வரவில்லை என்று வீடியோவில் சொன்னார். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அனுபவசாலிகள் சேர்ந்து செய்த, கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டுக்கே இந்த நிலை என்றால், டீக்கடைக் கூட்டணியின் வாய்ப்பேச்சு எந்த மூலைக்கு?

பாட்டு முடிந்த அன்றே ஒரு தாளில் எழுதுங்கள்: வரிகள் யாருடையது, இசை யாருடையது, ஒலிப்பதிவு யாருக்குச் சொந்தம், சதவீதம் எவ்வளவு. எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஸ்ப்ளிட் ஷீட் என்று பெயர், பத்து நிமிட வேலை.

லேபிள் நீட்டும் பேனா

ஒரு பாட்டு கொஞ்சம் ஓடினால் கம்பெனிகளிடமிருந்து மெயில் வரும். கனவு கைகூடிவிட்டது என்ற பரவசத்தில் கையெழுத்துப் போடுவதுதான் இருப்பதிலேயே விலை உயர்ந்த தவறு. அட்வான்ஸ் என்பது பரிசு இல்லை, உங்கள் பங்கிலிருந்து கழித்துக்கொள்ளப்படும் முன்பணம். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 2 லட்சம் அட்வான்ஸ், வருமானத்தில் உங்களுக்கு 20 சதவீதம். பாட்டு 5 லட்சம் சம்பாதித்தால் உங்கள் பங்கு 1 லட்சம். அது அட்வான்ஸில் கழிந்து, இன்னும் 1 லட்சம் பாக்கி நிற்கும். கம்பெனியின் பங்கோ 4 லட்சம். வீடியோச் செலவையும் உங்கள் பங்கில்தான் கழிப்போம் என்று எழுதியிருந்தால் கதை இன்னும் நீளும்.

சட்டம் கொஞ்சம் நம் பக்கமும் இருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை காலம் என்று ஒப்பந்தத்தில் சொல்லாவிட்டால் 5 ஆண்டு என்றும், எந்த நாடு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளப்படும். அதனால்தான் கம்பெனி ஒப்பந்தங்களில் ‘நிரந்தரமாக’, ‘உலகம் முழுதும்’ என்ற சொற்கள் தவறாமல் இருக்கும், அவை எங்கே வருகின்றன என்று தேடிப் படியுங்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டி உரிமையைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கவும் முடியாது. ராப் எழுதுகிறவர் வெறும் பாடகர் இல்லை, பாடலாசிரியரும்கூட. பாடலாசிரியர், இசையமைப்பாளர்களின் ராயல்டியை வசூலித்துக் கொடுக்கும் ஐபிஆர்எஸ் அமைப்பில் உறுப்பினராகி உங்கள் பாட்டுகளைப் பதிவு செய்யாவிட்டால், அந்த வகையில் சேரும் ராயல்டி உங்களைத் தேடி வராது.

அடுத்த மூன்று ஆல்பம் எங்களுக்கே, மேடை வருமானத்திலும் பங்கு என்றெல்லாம் இருந்தால் வக்கீலிடம் காட்டாமல் பேனாவைத் தொடாதீர்கள். வக்கீல் செலவுக்குக் கணக்குப் பார்த்தவர்கள்தான் பிறகு அதிகமாகச் செலவு செய்கிறார்கள்.

சினிமா கூப்பிடட்டும் என்று காத்திருப்பது

நம் ஊரில் இது தனி நோய். ஏதாவது ஒரு இசையமைப்பாளர் கூப்பிடுவார் என்று நான்கு வருஷம் இன்ஸ்டாகிராமில் செய்தி அனுப்பிக்கொண்டிருப்பார்கள். சினிமாவுக்குள் போனவர்களைப் பாருங்கள். யோகி பி ‘பொல்லாதவன்’ படத்துக்கு வந்தது 2007-ல், ‘வல்லவன்’ வந்த பிறகு. ஹிப்ஹாப் தமிழா ஆதி 2013-ல் ‘எதிர்நீச்சல்’ பாட்டுக்கு வந்தது சொந்த ஆல்பத்துக்குப் பிறகு, இசையமைப்பாளர் ஆனது 2015-ல் ‘ஆம்பள’ படத்தில். கையில் வேலை இருந்தது, அதனால் அழைப்பு வந்தது.

காசு கொடுத்து வியூஸ் வாங்குவதைப் பற்றி இரண்டு வரி போதும். யூடியூபில் விளம்பர வருமானத்தில் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களும், பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையோ 90 நாளில் ஷார்ட்ஸில் 1 கோடி பார்வையோ வேண்டும், போலிப் பார்வை அதில் சேராது. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் ஒரு பாட்டு வருஷத்துக்கு 1,000 ஸ்ட்ரீமைத் தொட்டால்தான் ராயல்டியே தொடங்குகிறது, போலி ஸ்ட்ரீம் என்று தெரிந்தால் பாட்டையே தூக்கவும் கூடும்.

வேலையை விடுவது

விடாதீர்கள், அவ்வளவுதான் என் கருத்து. வாடகைக்குப் பயந்துகொண்டு எழுதும்போது வருகிற முதல் ஒப்பந்தத்துக்கே தலையாட்டத் தோன்றும். மாதச் சம்பளம் இருக்கிறவரால்தான் ‘யோசித்துச் சொல்கிறேன்’ என்று சொல்ல முடியும். வார இறுதி நிகழ்ச்சிகளின் வருமானம் ஒரு வருஷமாவது நிலையாக வந்து, ஆறு மாதச் செலவுக்குக் கையில் இருந்தால் அப்போது யோசிக்கலாம்.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். ஐடி கம்பெனிகளின் பணி நியமனக் கடிதத்தில், வெளியே சம்பளத்துக்கு வேலை செய்யக்கூடாது என்ற விதி பெரும்பாலும் இருக்கும். கல்லூரி விழாவில் பாடி வாங்கும் தொகை ஒரு வரம்பைத் தாண்டினால் உங்கள் பான் எண்ணில் டிடிஎஸ் பிடித்துத்தான் வரும், மறைக்க முடியாது. முதல் பேமெண்ட் வருவதற்கு முன்பே ஹெச்ஆருக்கு மெயில் போட்டு எழுத்தில் அனுமதி வாங்கி வைத்துவிடுங்கள்.