டொயோட்டா கொரோலா 121க்கு வீட்டிலேயே முன் லிங்க் ரொட் மாற்றுவது எப்படி?

தோட்டப் பாதையில் மெதுவாக இறங்கும்போது முன்பக்கம் கடக் கடக் என்று அடிக்கிறது, ஆனால் ஹட்டன் – நுவரெலியா வீதிக்கு ஏறியதும் சத்தம் நின்றுவிடுகிறது என்றால், முதலில் ஸ்டெபிலைசர் லிங்க் ரொட்டைப் பாருங்கள். ஷொக் அப்சோபர் போய்விட்டது என்று யாராவது சொன்னவுடனே காசை எடுத்து நீட்டாதீர்கள். ஸ்டெபிலைசர் பார் என்பது இரண்டு முன்சக்கரப் பக்கத்தையும் இணைக்கும் இரும்புக் கம்பி, அதன் முனையை ஷொக் அப்சோபரோடு பிணைக்கும் சின்னத் தண்டுதான் லிங்க் ரொட். இரண்டு முன்சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கினால் பாருக்குப் பெரிதாக வேலை இல்லை. ஒரு சக்கரம் குழியிலும் மற்றது மேட்டிலும் இருக்கும்போதுதான் பார் முறுகும், அந்த இழுவை முழுவதையும் லிங்க் ரொட்டின் இரண்டு முனையிலும் உள்ள போல் ஜொயின்ட்தான் (குமிழ் மூட்டு) தாங்குகிறது. நம்ம பக்கத்துப் பாதைகளில் நாள் முழுக்க இதே கதைதான். போதாததற்கு மழைச்சேறு வேறு. ஜொயின்டை மூடியிருக்கும் ரப்பர் உறை, அதாவது பூட், ஒரு இடத்தில் கிழிந்தால் போதும், தண்ணீர் உள்ளே போய் கிரீஸைக் கழுவிவிடும்.

சாமான் வாங்கும்போது இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே வாங்குங்கள். எனக்குப் பிடித்தது ஜப்பானின் 555 பிராண்ட். பெட்டியைப் பிரித்ததும் ஜொயின்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள், புதியது இறுக்கமாகத்தான் அசைய வேண்டும். லொடலொட என்று ஆடினால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

முதல் நாள் மாலையே இரண்டு லிங்க் ரொட்டின் நான்கு நட்டையும் கம்பி பிரஷால் தேய்த்து, துரு இளக்கும் டபிள்யூ.டி. 40 ஸ்பிரே அடித்து விடுங்கள். மறுநாள் பாதி வேலை குறையும்.

சமதரை முக்கியம். மலையில் வீட்டு வாசல் எல்லாமே சரிவுதான், அதனால் கோயில் முன்றலோ மைதானமோ எங்காவது கேட்டு நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். மண் தரையென்றால் ஜெக்குக்கு அடியில் தடித்த பலகை வேண்டும். தூக்கியதும் பக்கவாட்டில் ஜெக் வைக்கும் இடங்களில் ஜெக் ஸ்டாண்டை வையுங்கள். சீமெந்துக் கல்லை அடுக்கி வைக்கவே வேண்டாம், அது பாரத்தில் சொல்லாமல் உடையும்.

இப்போது முக்கியமான இடம். ஒரு சக்கரத்தை மட்டும் தூக்காதீர்கள், இரண்டு முன்சக்கரத்தையும் ஒரே உயரத்துக்குத் தூக்குங்கள். ஒன்றை மட்டும் தூக்கினால் தொங்கும் சக்கரம் பாரின் ஒரு முனையைக் கீழே இழுக்கும், தரையில் நிற்கும் சக்கரம் மறு முனையை மேலே பிடித்திருக்கும். அப்படி முறுகி நிற்கும் பாரில் பழைய ரொட் கழலவே மறுக்கும். தட்டிக் கழற்றினாலும் புதியதன் போல்ட் ஓட்டைக்கு நேரே வராது, விரலளவு தள்ளியே நிற்கும். கடப்பாரையால் நெம்பி ஏற்றப் பார்ப்பவர்கள் ரப்பர் பூட்டைக் கிழித்துத்தான் முடிப்பார்கள். இரண்டும் தொங்கினால் பார் தளர்ந்து கையாலேயே அசையும்.

சக்கரத்தைக் கழற்றி, ஸ்டியரிங்கைத் திருப்பி ரொட்டை வெளிப்பக்கம் கொண்டுவாருங்கள். மேல்முனை ஷொக் அப்சோபரிலும் கீழ்முனை பாரிலும் மாட்டியிருக்கும். நட்டைத் திருப்பினால் உள்ளே இருக்கும் போல்ட்டும் சேர்ந்து சுற்றும், அதைப் பிடிக்கத்தான் போல்ட் நுனியில் 6 மில்லிமீற்றர் அலன் கீ குழி இருக்கிறது. அந்தக் குழியில் சேறு இறுகிப்போய் இருக்கும். சின்ன ஆணியால் சுரண்டி, அடிவரை சுத்தம் செய்த பிறகே கீயைப் போடுங்கள். அரைகுறையாகப் போட்டால் குழி வட்டமாகிவிடும். நட்டுக்கு ரிங் ஸ்பேனர்தான் என் தெரிவு, ஓபன் ஸ்பேனர் மூலையைத் தின்றுவிடும். குழி ஏற்கெனவே கெட்டிருந்தால் ரப்பர் பூட்டுக்குப் பின்னால் போல்ட்டை வைஸ் கிரிப்பால் (பூட்டிக்கொள்ளும் குறடு) பிடியுங்கள். பழைய ரொட்தானே, பூட் கிழிந்தாலும் பரவாயில்லை. அதுவும் சரிவராவிட்டால் ஹெக்ஸோ பிளேடால் நட்டை அறுங்கள், பக்கத்தில் பிரேக் ஹோஸ் ஓடுகிறது, கவனம்.

புதியதைப் பழையதோடு பக்கத்தில் வைத்து நீளம் பார்த்து மாட்டுங்கள். கூட வந்த புது நட்டையே போடுங்கள். இறுக்கம் 74 நியூட்டன் மீற்றர். இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் அயலில் யாரிடமாவது இரவல் கேளுங்கள், இதில் கைக்கணக்கு வேண்டாம். சக்கர நட்டுக்கு 103, அதையும் வண்டியை இறக்கிய பிறகு குறுக்கு மாறி இறுக்குங்கள்.

பிறகு சேர்த்தது: ரொட் மாற்றியும் சத்தம் போகவில்லை என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். பாரைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ் இரண்டையும் பாருங்கள், அவை தேய்ந்தாலும் இதே சத்தம்தான் வரும். ஸ்டியரிங் திருப்பும்போது அடித்தால் ஷொக் அப்சோபரின் மேல் மவுன்ட்டைப் பாருங்கள். வேறு வண்டிக்காரர்களுக்கு ஒன்று: சில கார்களில் லிங்க் போல் ஜொயின்டாக இல்லாமல் ரப்பர் புஷ்ஷோடு வரும். அப்படியென்றால் கடைசி இறுக்கத்தைச் சக்கரம் தரையில் நிற்கும்போதுதான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ரப்பர் முறுகிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழியும்.